ஃபோர் பை ஃபோருக்கு டயர் மாற்றிப் போடுவது: ஸ்டெப்னியையும் சேர்த்து எண்ணுங்கள்

தம்பி, படிக்கிற மற்றவர்களுக்காக உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மதுரையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் ஐந்து வருடப் பழைய டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கேப் பிக்கப், ஃபோர் பை ஃபோர், வாங்கியிருக்கிறீர்கள். டயர் அளவு 265/65 ஆர் 17. முன் டயர்கள் இரண்டு ஓரத்திலும், பின் டயர்கள் நடுவிலும் அதிகம் தேய்ந்திருக்கின்றன. டயர் கடைக்காரர், "நாலு வீலும் இழுக்கிற வண்டி, எல்லாம் ஒரே மாதிரிதான் தேயும், டயரை இடம் மாற்றிப் போட வேண்டியதில்லை" என்கிறார். டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் உங்கள் வீட்டுக்காரத் தாத்தா, "மாற்றிப் போடு, ஆனால் வலதை இடதுக்கு என்று குறுக்கே போடாதே, ரேடியல் டயர் எதிர்ப்பக்கம் சுற்றினால் உள்ளே கம்பி விட்டுவிடும்" என்கிறார். டிசம்பரில் குடும்பத்தோடு, பக்கத்து நாடான லெசோத்தோவுக்கு ஏறும் சானி கணவாய் மலைப்பாதையில் போகப் போகிறீர்கள். யார் பேச்சைக் கேட்பது?

கடைக்காரர் சொன்னது தப்பு. தாத்தா சொன்னதில் முதல் பாதி சரி, இரண்டாவது பாதி அவர் வண்டி ஓட்டிய காலத்துக்குச் சரி.

நான் கோவில்பட்டிக்காரன். இங்கே வந்து பதினொரு வருடம் டயர் கடையில் அலைன்மென்ட் பார்த்தவன், இப்போது வேறு வேலை. வந்த புதிதில் கடை முதலாளி என்னிடம் "அந்தப் பக்கியை உள்ளே கொண்டு வா" என்றபோது யாரைத் திட்டுகிறார் என்று சுற்றிப் பார்த்தேன். இங்கே பிக்கப் வண்டிக்கு அதுதான் பெயர் என்று தெரிய ஒரு வாரம் ஆனது. அதன் பிறகு ஆயிரக்கணக்கான பக்கிகளுக்கு அடியில் படுத்தாயிற்று. அதனால் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரர் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்வோம். உங்கள் ஹைலக்ஸ் எப்போதும் நாலு வீலும் இழுக்கிற வண்டி கிடையாது. என்2 நெடுஞ்சாலையில் எச்2 என்ற நிலையில் போகும்போது பின் வீல் இரண்டும்தான் இழுக்கின்றன, முன் வீல் சும்மா உருண்டு வழிகாட்டுகிறது. எச்4 போட்டால்தான் முன்பக்கமும் சேரும். ஆக, தார் ரோட்டில் ஓடும் வரைக்கும் அது சாதாரணப் பின்வீல் வண்டி. முன் டயருக்கு வளைவில் திரும்புகிற வேலை, பிரேக் பிடித்தால் முன்னால் சாயும் எடை, அதோடு டீசல் எஞ்சினின் பாரம். பின் டயருக்குத் தள்ளுகிற வேலை. வேலை வேறானால் தேய்மானமும் வேறுதான். நாலு வீலும் எப்போதும் இழுக்கிற வண்டியில்கூட திரும்புகிற வேலை முன் வீலுக்கு மட்டுமே என்பதால், அதுவும் ஒரே மாதிரி தேயாது.

உங்கள் டயரிலேயே இதைப் படிக்கலாம். பின் டயர் நடுவில் தேய்ந்திருக்கிறது என்றால், முன்பு வைத்திருந்தவர் பாரம் ஏற்றுவதற்கான காற்றை அடித்துவிட்டு எப்போதும் காலி வண்டியாக ஓட்டியிருக்கிறார். முன் டயர் இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு, அதோடு வளைவுகளில் வேகம். ஒரே ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் போயிருக்கிறது என்று அர்த்தம், அதை முதலில் சரிசெய்யாமல் டயரை மாற்றிப் போடுவது ஒரு பிள்ளைக்கு வந்த அம்மையை வீடு முழுக்கப் பரப்புவது மாதிரி. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். முன்னுக்கு எவ்வளவு, பின்னுக்கு எவ்வளவு, பாரத்தோடு எவ்வளவு என்று போட்டிருக்கும். பெட்ரோல் பங்கில் காற்றடிக்கும் பையனிடம் "எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி" என்று சொல்லும் பழக்கத்தை விட்டுவிட்டு, அந்த ஸ்டிக்கரில் உள்ள எண்ணைச் சொல்லுங்கள்.

சரி, தேய்மானம் வேறு வேறாக இருந்தால் என்ன கெட்டுப்போகிறது? சாதாரணக் கார் என்றால் இரண்டு டயர் சீக்கிரம் போகும், பணம் போகும், அவ்வளவுதான். ஃபோர் பை ஃபோரில் கதை வேறு. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 265/65 ஆர் 17 என்றால் புது டயரின் விட்டம் சுமார் 776 மி.மீ., சுற்றளவு சுமார் 2,440 மி.மீ. ஒரு கிலோமீட்டருக்கு அது சுமார் 410 தடவை சுற்றும். பட்டன், அதாவது டயர் மேல் உள்ள ரப்பர் கட்டிகள், 4 மி.மீ. தேய்ந்தால் விட்டம் 8 மி.மீ. குறைகிறது, ஒவ்வொரு சுற்றுக்கும் 25 மி.மீ. குறைகிறது. 410 சுற்றுக்குப் பெருக்கினால் கிலோமீட்டருக்குப் பத்து மீட்டர். முன்னால் புது டயர், பின்னால் 4 மி.மீ. தேய்ந்த டயர் என்றால், வண்டி நேராகப் போனாலும் முன்னச்சும் பின்னச்சும் கிலோமீட்டருக்குப் பத்து மீட்டர் அளவுக்கு ஒன்றோடொன்று ஒத்துப்போக மறுக்கின்றன. இது காகிதக் கணக்கு, ரோட்டில் டயர் நசுங்கி உருள்வதால் கொஞ்சம் குறையும், ஆனால் இல்லாமல் போகாது.

எச்2 இல் இதனால் ஒன்றும் ஆகாது. எச்4 போட்டதும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முன் ஷாஃப்டையும் பின் ஷாஃப்டையும் இறுகக் கட்டிவிடுகிறது. முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் உங்கள் வண்டியில் நடுவில் இல்லை, விட்டுக்கொடுக்க ஆளில்லை. மணலிலும் சேற்றிலும் ஏதாவது ஒரு டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துவிடும். பிடிமானம் உள்ள தார் ரோட்டில் வழுக்க முடியாது. அந்த முறுக்கு எல்லாம் ஷாஃப்டிலும் பல்சக்கரத்திலும் ஏறி உட்காரும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் முதல் பக்கியில் முன் டயர் ஒன்று கல்லில் கிழிந்தது. முன்னுக்கு மட்டும் இரண்டு புது டயர் போட்டுக்கொண்டு, பின்னால் பழசோடு சானி ஏறினேன். அண்டர்பெர்க், ஹைம்வில் தாண்டி, தென்னாப்பிரிக்கச் சோதனைச் சாவடியில் பாஸ்போர்ட் முத்திரை வாங்கி, சுமார் 2,870 மீட்டர் உயரத்துக்கு ஏறும் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. கல்லும் சரளையும் என்பதால் டயர் வழுக்கி வழுக்கிக் கணக்கைத் தீர்த்துக்கொண்டே வந்திருக்கிறது. மேலே லெசோத்தோ பக்கம் மொகொட்லோங் போகும் சாலை நல்ல தார்ச்சாலை. ஏறிவிட்ட சந்தோஷத்தில் எச்4 இலிருந்து மாற்ற மறந்து ஏழெட்டுக் கிலோமீட்டர் ஓட்டினேன். ஸ்டியரிங் கல்லாகக் கனத்தது. நிறுத்தி லீவரை இழுத்தால் வரவில்லை. இரண்டு கையால் இழுத்தும் வரவில்லை. என் மனைவி பின் சீட்டில் குழந்தைக்குத் தயிர்சாதம் ஊட்டிக்கொண்டே "வண்டி கெட்டுப்போச்சா?" என்று கேட்டாள். அந்த வழியாக வந்த ஒரு சுற்றுலா வண்டி ஓட்டுநர் இறங்கி வந்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துப் பத்து மீட்டர் ரிவர்ஸ் எடுக்கச் சொன்னார். எடுத்ததும் அடியில் 'டங்' என்று ஒரு சத்தம். லீவர் வெண்ணெய் மாதிரி நழுவி வந்தது. முறுக்கேறியிருந்த ஷாஃப்ட் தளர்ந்த சத்தம் அது. டயர் அளவு ஒத்திருந்தால் நேர்ச்சாலையில் இவ்வளவு சீக்கிரம் இறுகியிருக்காது. தார் ரோட்டில் எச்4 ஓட்டியது என் தப்பு, அந்தத் தப்பைப் பெரிதாக்கியது நான் போட்ட டயர்.

இப்போது தாத்தாவின் குறுக்கு விஷயம். ரேடியல் டயர் புதிதாகப் பரவிய காலத்தில், ஒரே பக்கத்தில் முன் பின்னாக மட்டும் மாற்றுங்கள் என்று டயர் செய்பவர்களே சொன்னதுண்டு. இன்றைய டயருக்கு அந்தத் தடை இல்லை. சொல்லப்போனால் உங்கள் மாதிரி ஆல் டெரெய்ன் டயருக்குக் குறுக்கே போடுவதுதான் மருந்து. இதைக் கையாலேயே பார்க்கலாம். முன் டயரின் ஓரப் பட்டன்கள் மேல் உள்ளங்கையை வைத்து, டயர் சுற்றும் திசையில் ஒருமுறை தடவுங்கள், பிறகு எதிர்த்திசையில் தடவுங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறு திசையில் ரம்பப் பல்லாகவும் இருந்தால், ஒவ்வொரு பட்டனும் ஒரு விளிம்பில் தாழ்ந்து மறு விளிம்பில் உயர்ந்து தேய்ந்திருக்கிறது. 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் 'உம்ம்ம்' என்று பேரிங் போனது மாதிரி ஒரு சத்தம் வருமே, பாதி நேரம் அது இதுதான். டயரைக் குறுக்கே போட்டால் அது எதிர்த்திசையில் சுற்றும், உயர்ந்த விளிம்பு இனிமேல் தேயும். போட்ட முதல் சில நூறு கிலோமீட்டர் சத்தம் கூடுவதுபோலத் தோன்றலாம், பயப்பட வேண்டாம்.

டயரின் பக்கவாட்டில் அம்புக்குறி போட்டிருந்தால் மட்டும் குறுக்கே போகக் கூடாது, அதே பக்கத்தில் முன் பின்னாக மாற்றலாம். 'வெளிப்பக்கம்' என்று மட்டும் குறித்திருக்கும் டயரைத் தாராளமாகக் குறுக்கே போடலாம், ரிம்மோடு மாற்றும்போது வெளிப்பக்கம் வெளிப்பக்கமாகவே இருக்கும்.

எந்த டயர் எங்கே போகும்? இழுக்கிற அச்சில் இருக்கும் டயர் நேராகப் போகும், இழுக்காத அச்சில் இருக்கும் டயர் குறுக்கே போகும், அவ்வளவுதான் விதி. உங்கள் வண்டியில் பின் டயர்கள் அதே பக்கம் முன்னுக்கு வரும். முன்வலது பின் இடதுக்கு, முன் இடது பின்வலதுக்கு. ஸ்டெப்னியையும் சேர்ப்பதென்றால் ஒரே ஒரு மாற்றம்: பின்வலதுக்குப் போக வேண்டிய டயர் ஸ்டெப்னி இடத்துக்குப் போகும், ஸ்டெப்னி பின்வலதுக்கு வரும்.

ஸ்டெப்னியைச் சேர்க்கச் சொல்லி நான் வருகிறவர்களிடம் எல்லாம் மல்லுக்கட்டுவதற்குக் காரணம் உண்டு. நாலு டயர் செய்கிற வேலையை ஐந்து டயர் பகிர்ந்துகொள்வதால் ஒரு செட் கால்வாசி கூடுதலாக உழைக்கும், அது சின்ன லாபம். பெரிய லாபம், கோசி பே மணல் பாதையிலோ சானி கற்களிலோ ஒரு டயரின் பக்கவாட்டு கிழியும்போது தெரியும். பக்கவாட்டுக் கிழிசலுக்குப் பஞ்சர் ஒட்ட முடியாது. ஸ்டெப்னி மற்ற நாலோடு ஒரே அளவு தேய்ந்திருந்தால், அதைப் போட்டுக்கொண்டு எச்4 இலேயே அந்த மணலையோ கல்லையோ நிம்மதியாகத் தாண்டி ஊர் வந்து சேரலாம். தொடாத புது ஸ்டெப்னி என்றால் என் கதைதான். இன்னொன்றும் உண்டு. பக்கியின் ஸ்டெப்னி அடியில் சங்கிலியில் தொங்குகிறது. டர்பன் உப்புக்காற்றில் அந்தச் சங்கிலியை இறக்கும் பொறி துருப்பிடித்து, தேவைப்படும் நாளில் இறங்காமல் நிற்கும் வண்டிகளை எத்தனையோ பார்த்துவிட்டேன். வருடத்துக்கு இரண்டு முறை இறக்கி ஏற்றினால், துளி கிரீஸ் வைத்தால், அந்தத் தொல்லை இல்லை. திருடன் கழற்றிக்கொண்டு போயிருந்தாலும் அன்றைக்கே தெரியும், மலையில் போய்த் தெரிய வேண்டாம்.

ஸ்டெப்னியோடு சேர்த்து மாற்றுவதில் இன்னொரு வசதி: ஒரே ஜாக்கி போதும், ஒரு நேரத்தில் ஒரு வீல்தான் தூக்க வேண்டும். பின்வலதைக் கழற்றி அங்கே ஸ்டெப்னியைப் போடுங்கள். கையில் இருக்கும் பின்வலது டயரை முன்வலதில் போடுங்கள். அங்கே கழன்றது பின் இடதுக்கு, அங்கே கழன்றது முன் இடதுக்கு. கடைசியில் கையில் மிஞ்சுவது ஸ்டெப்னி. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒன்றரை மணி நேர வேலை. சமதளமான சிமெண்ட் தரை வேண்டும். கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, தூக்காத வீலுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஹேண்ட் பிரேக் பின் வீலை மட்டும்தான் பிடிக்கிறது என்பது பலருக்கு வண்டி நகர்ந்த பிறகுதான் ஞாபகம் வரும். தூக்குவதற்கு முன் நட்டைக் கால் சுற்றுத் தளர்த்திக்கொள்ளுங்கள். பின்பக்கம் ஜாக்கியை அச்சுக்கு அடியிலேயே வைக்கலாம், சட்டத்தில் வைத்தால் பட்டை ஸ்பிரிங் தொங்கித் தொங்கி ரொம்ப உயரம் தூக்க வேண்டியிருக்கும். கழற்றிய டயரை வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டு வையுங்கள், ஜாக்கி சரிந்தால் வண்டி உங்கள் மேல் விழாமல் அதன் மேல் விழும்.

நட்டை மாட்டும்போது முதலில் கையால் திருகி உட்கார வைத்து, பிறகு எதிர் எதிராக, நட்சத்திரம் போடுவது மாதிரி இறுக்குங்கள். எவ்வளவு இறுக்கம் என்பது அலாய் ரிம்முக்கும் இரும்பு ரிம்முக்கும் வேறுபடலாம். வண்டிக் கையேட்டில் உள்ள எண்ணைப் பார்த்து, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் வைத்து முடியுங்கள். ஸ்பேனர் மேல் ஏறிக் குதிப்பது நம் ஊர் லாரி ஸ்டைல், இங்கே வேண்டாம், போல்ட் இழுத்துக்கொள்ளும். மறக்காமல் முன் பின் காற்றளவை மறுபடி சரிசெய்யுங்கள். டயர் இடம் மாறினாலும் ஸ்டிக்கர் மாறாது.

இப்போது உங்கள் வண்டிக்கு வருவோம், ஏனென்றால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஐந்து வருடப் பழைய வண்டியில் ஸ்டெப்னி அநேகமாகத் தரையையே தொட்டிருக்காது. அதை இப்போது சுற்றில் சேர்க்காதீர்கள். நாலை மட்டும் மேலே சொன்ன விதியில் மாற்றுங்கள். ஸ்டெப்னியைப் பின்வலதில் தற்காலிகமாகப் போட்டுவிட்டு அதே வரிசையில் போய், கடைசியில் கையில் மிஞ்சும் முன் இடது டயரைப் பின்வலதில் போட்டு, ஸ்டெப்னியை அடியில் மாட்டிவிட வேண்டியதுதான். ஒரு தடவை கூடுதலாகத் தூக்க வேண்டும், அவ்வளவுதான். பஞ்சர் ஆகி அந்த ஸ்டெப்னியைப் போட நேர்ந்தால் தார் ரோட்டில் கண்டிப்பாக எச்2. அதன் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019 ஆம் வருடம் 23 ஆவது வாரம் செய்தது. அதையும் பாருங்கள், ஓடாத டயருக்கும் வயசாகும். அடுத்த செட் வாங்கும்போது ஐந்தாக வாங்கி, முதல் நாளிலிருந்தே ஐந்தையும் சுற்றில் விடுங்கள். ஒவ்வொரு 8,000 அல்லது 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை போதும். கல் ரோடு அதிகம் ஓடினால் 6,000.

ஆழம் அளக்கும் சின்னக் கருவி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கண்ணால் பார்ப்பதில் 2 மி.மீ. வரை நானே ஏமாந்திருக்கிறேன். ஒவ்வொரு டயரிலும் உள் ஓரம், நடு, வெளி ஓரம் என்று மூன்று இடம். இந்த நாட்டுச் சட்டம் குறைந்தது 1 மி.மீ. ஆழம் வேண்டும் என்கிறது. ஆனால் டர்பனின் கோடை மழையில் 1 மி.மீ. டயரோடு ஓட்டுவது தண்ணீரில் சறுக்குவதுதான். பள்ளத்துக்குள் குறுக்கே தெரியும் சின்ன மேடு 1.6 மி.மீ. உயரம், அது தெரிவதற்கு முன்பே, 3 மி.மீ. வந்ததுமே நான் புது டயர் போட்டுவிடுவேன். உங்கள் வண்டியில் முன்னுக்கும் பின்னுக்கும் இப்போது 2 மி.மீ. வரை வித்தியாசம் என்றால் மாற்றிப் போட்டுக்கொண்டு சானிக்குப் போகலாம். 3, 4 என்றால் டிசம்பருக்கு முன் புது செட் பாருங்கள்.

இதைப் படிக்கும் சுபாரு ஃபாரஸ்டர், பிராடோக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வண்டியில் நாலு வீலும் எப்போதும் இழுக்கின்றன, எச்2 என்று ஒதுங்கி நிற்க இடமே இல்லை. டயர் அளவு வித்தியாசப்பட்டால் நடுவில் உள்ள டிஃபரன்ஷியலோ கிளட்சோ நாள் முழுக்க ஓய்வில்லாமல் உழைத்துச் சூடேறும். 1 மி.மீ. பட்டன் வித்தியாசம் சுற்றளவில் 6 மி.மீ.க்கு மேல், இந்த வண்டிகளுக்கு அது போதும். ஒரு டயர் போனால் ஒன்று மட்டும் புதிதாக வாங்குவது, ஏன், இரண்டு வாங்குவதுகூட, பின்னால் செலவில் இழுத்துவிடும். உங்கள் கையேட்டில் இதற்கு என்ன போட்டிருக்கிறதோ அதைவிடக் கறாராக இருந்தாலும் தப்பில்லை.

தம்பி, மாற்றிப் போட்ட வாரம் எங்காவது தூரம் போகிறீர்களா? பீட்டர்மரிட்ஸ்பர்க் சுமார் 80 கிலோமீட்டர், நட்டை மறுபடி சோதிக்கச் சரியான தூரம். அங்கே நிறுத்தி டீ குடித்துவிட்டு ஒவ்வொரு நட்டையும் ஒரு தடவை பாருங்கள், இரண்டொன்று கொஞ்சம் நகரலாம். திருட்டுக்குப் பயந்து முன்பு வைத்திருந்தவர் பூட்டு நட் போட்டிருக்கிறாரா என்று இன்றைக்கே பாருங்கள். போட்டிருந்தால் அதன் சாவி எங்கே என்று அவரிடம் போன் போட்டுக் கேளுங்கள். நாலு டயரும் ஸ்டெப்னியும் என்ன ஆழம், ஸ்டெப்னியின் நாலு இலக்க எண் என்ன, இதை மட்டும் எழுதுங்கள். சானிக்கு அந்த டயரோடு போகலாமா வேண்டாமா என்று சொல்கிறேன்.